மிச்ச மண்ணெண்ணெய்

வெந்நீர் கேட்டார்கள், கொடுத்தாள். இலந்தை இலை கேட்டார்கள், கொடுத்தாள். பஞ்சு, கற்பூரம், கத்தரிக்கோல் என்று மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் கேட்ட குரல், கடைசியில் மண்ணெண்ணெய் கேட்டபோதுதான் சுலைகா நிமிர்ந்து பார்த்தாள்.

கொல்லையில் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் இறந்துபோன அத்தாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தாவின் அண்ணன் சுல்தான், போர்வை இடுக்கில் தலையை மட்டும் நீட்டினார்.

"நகக்கண்ணு பூராம் பெயிண்டு அப்பிக் கெடக்கும்மா. இது இருந்தா தண்ணி அடியில எறங்காது, குளிப்பாட்டுனது செல்லாது. மண்ணெண்ணெய் இருந்தா கொஞ்சம் ஊத்திக் கொடு."

"இருக்கு பெரியத்தா" என்று அடுப்படி மூலையிலிருந்த டின்னை எடுத்தாள். ரேஷன் கடை வரிசையில் வெயிலில் நின்று அத்தா வாங்கி வந்தது. தன் நகத்துக்குத்தான் என்று தெரிந்து நின்றிருக்க மாட்டார்.

சுலைகாவைப் பெற்ற அத்தா அமீர் ஹம்சா, மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஆனால் கழுகுக் கம்பவுண்டர் என்று கேட்டால்தான் காரைக்குடியில் வழி சொல்வார்கள். கழுகின் இறக்கையில் அடையாளத்துக்கென்று அவர் முதலில் பூசியது சிவப்பு. கழுகு கறுப்பு, முதுகில் வெள்ளை. சிவப்பும் சேர்ந்ததும், அது அப்போதுதான் புதிதாகப் பிறந்திருந்த கட்சியின் கொடியாகிவிட்டது. பழைய கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பச்சைக்கு மாறினால் சொந்தத் தெருவிலேயே முஸ்லிம் லீக்காரர்கள் சந்தோஷப்பட்டுவிடுவார்கள் என்று பயந்தார். மஞ்சளுக்கு அப்போது கட்சி எதுவும் இருக்கவில்லை. ஓர் ஆச்சி வீட்டுப் பசுவுக்குப் பிரசவம் பார்த்த வகையில், ஜன்னலுக்கு அடித்த மிச்சம் ஒரு டப்பா கிடைத்தது.

மானகிரிப் பக்கத்து வானத்தில் ஒருகாலத்தில் கழுகு இல்லாத மத்தியானம் கிடையாது. பிறகு வயலுக்குப் பாலிடால் வந்தது. பூச்சிக்கு வந்த மருந்தை ஆடு கடிக்கும் நாய்க்கும் வைக்கலாம் என்று யாருக்கோ தோன்றி, செத்த மாட்டின்மேல் ஊற்றி வைத்தார்கள். நாய்கள் செத்தன. நாய்களைவிட அதிகமாகக் கழுகுகள் செத்தன. அத்தா சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது, மழைக்குப் பிறகு காயப்போட்ட குடைகள் மாதிரி பொட்டல் முழுக்கக் கிடந்தனவாம். ஆஸ்பத்திரி ஊசி மருந்தை ஏற்றி அவர் பிழைக்க வைத்தது ஒன்றே ஒன்று. அதற்குத் துணை வேண்டுமே என்று, திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்திலிருந்து குஞ்சுகளைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். கழுகுக்குப் பயம் வந்தால் வாந்தியெடுக்கும். மேலூர் தாண்டுவதற்குள் பஸ் பாதி காலியாகி, அதுவரை நின்றுகொண்டு வந்த அத்தாவுக்கு உட்கார இடம் கிடைத்தது.

அவற்றை வளர்த்தது இதே கொல்லையில், ஆட்டுக்கொட்டிலில். சிறகு முற்றியதும், பறவை பார்ப்பதற்கென்றே பம்பாயில் இருக்கும் ஏதோ ஒரு சங்கம் அனுப்பிய அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டி, மஞ்சள் பூசிப் பறக்கவிட்டார். விட்ட பிறகுதான் வேலை கூடிப்போனது. மருந்து வைத்த மாட்டைத் தேடி அவை போய்விடாமல் இருக்க, மருந்து படாத மாட்டைக் கண்மாய்ப் பொட்டலில் ஒரே இடத்தில் போட்டுப் பழக்கினார். அதனால் எந்த ஊரில் மாடு செத்தாலும் முதலில் இந்த வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். தேவகோட்டையிலிருந்து சுலைகாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் சேமியாவில் கை வைத்த நேரத்தில் ஒரு ஆள் வாசலில் வந்து நின்று, "கம்பவுண்டரய்யா, எங்களது செத்துருச்சு, ஊதிப் போறதுக்குள்ள வாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னான். வந்தவர்கள் சேமியாவை முடிக்கவில்லை. அந்த வருடம் முழுக்க சுலைகா அத்தாவோடு பேசாமலிருந்தாள். அதை அவர் கவனித்தாரா என்பது சந்தேகம். கழுகைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தை மாதம் கண்மாய்க்கரை மருதமரத்தில் ஒரு ஜோடி கூடு கட்டி அடைகாத்தது. கொட்டிலில் வளர்ந்தவை தாமாகக் கட்டிய முதல் கூடு. மரத்தை யாரும் விறகுக்கு வெட்டிவிடக் கூடாதென்று அத்தா அடிமரத்தில் மஞ்சள் பட்டை அடித்தார். அடித்துவிட்டு, கையைத் துடைக்கப் பொறுமையில்லாமல், கூட்டைப் பார்க்க மேலே ஏறினார். மேலே போனவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. இறங்கும்போது பெயிண்ட் வழுக்கியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிற வழக்கம் யாருக்கும் இல்லை.

இன்று விடியற்காலை கரண்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் சுலைகாதான். அம்மா சுபைதா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அத்தாவின் உதடு அசைந்தது. சுலைகா குனிந்து காதை வைத்தாள்.

"பொரிச்சிருச்சு" என்றார்.

அதுதான் கடைசிச் சொல். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த பெரியத்தா, தூரத்திலிருந்தே உதட்டைப் பார்த்தார். "கலிமாச் சொல்லித்தான் மவுத்தானான் என் தம்பி" என்று முதலில் வந்தவரிடம் அழுதுகொண்டே சொன்னார். அடுத்தடுத்து வந்தவர்களிடமும் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் அத்தா அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னதாக ஆகியிருந்தது. கடைசி மூச்சில் இறைவன் பெயர் என்பதில் எல்லோருக்கும் ஓர் ஆறுதல் இருந்தது. காதை வைத்துக் கேட்ட சுலைகா, வந்தவர்களுக்குப் பாய் விரித்தாள்.

நகம் வெளுத்து, கபன் துணி சுற்றி, அத்தர் தெளித்த பிறகும் லேசாக மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அந்த நேரத்தில்தான் மானகிரியிலிருந்து கருப்பம்மாள் வந்தாள். பயிர்வேலை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு, போனீகளே மவராசா என்று ஒரு பாட்டு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தி, சுலைகாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க செவலைக் காளையும் நேத்துச் செத்துப்போச்சு தாயி. ஐயா நல்லா இருந்திருந்தா இந்நேரம் வண்டியோட வந்து நிப்பாக."

"எங்க போட்டிருக்கீக?"

"கண்மாய்ப் பொட்டல்லதான். ஐயா போடச் சொல்ற எடத்துல." கருப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாய் வந்து ஆட்டைக் கடிச்சிருச்சுல்ல, அந்த ஆத்திரத்துல எங்க வீட்டுக்காரரு செவலை மேலயே பாலிடாலை ஊத்தி விட்டுருக்காரு. ஐயா இருந்தா வஞ்சிருப்பாக. இனிமே யாரு இருக்கா, எங்களை வைய?"

அதை நினைத்துக்கொண்டு மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

சுலைகா கொல்லை வாசல் வழியாக வெளியே பார்த்தாள். போர்வைகளின் நிழல் சுருங்கிக்கொண்டு வந்தது. தரை சூடேறிக் காற்று மேலே கிளம்பினால்தான் கழுகு எழும்பும், எழும்பினால் முதலில் பொட்டலைத்தான் பார்க்கும் என்று அத்தா சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காமலே சொல்வார். நம்பி வரும் இடம் அது. அங்கே மருந்து இருக்காது என்று அவற்றைப் பழக்கியவர், உள்ளே வெள்ளைத் துணியில் கிடந்தார்.

பெரியத்தாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மம்பட்டியோடு இரண்டு ஆளை அனுப்பினால் போதும், மாட்டைப் புதைத்துவிடலாம் என்றாள். பெரியத்தா அவள் தலையில் கை வைத்தார். கோபப்படவில்லை.

"தெருவுல உள்ள மம்பட்டியெல்லாம் மையவாடியில இருக்கும்மா, உங்க அத்தாவுக்குக் குழி வெட்ட. மையத்து வீட்டுல மாட்டுப் பேச்சு வேணாம்."

மத்தியான ளுஹர் தொழுகைக்கு, மையத்துப் பெட்டியான சந்தூக்கைத் தூக்கினார்கள். பெண்கள் வாசல்வரைதான் போகலாம். பள்ளிவாசலில் தொழவைத்து, மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கி, ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டு ஆண்கள் திரும்புவார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் முதல் பிடி பெரியத்தா போடுவார். சுலைகா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, சந்தூக் தெரு முனை திரும்புகிறவரை பார்த்தாள். ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவளைத் தடுக்கக்கூடியவர்களும் அவர்களோடு போய்விட்டார்கள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

துப்பட்டியை எடுக்க உள்ளறைக்குப் போனாள். அம்மா வெள்ளைச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்தவள் காக்கும் இத்தா முடியும்வரை, நாலு மாதத்துக்கு மேல், அவள் இனி வாசலுக்கு வரமாட்டாள். கழுகு என்ற வார்த்தையை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அதுக என்பாள். அதுகளுக்குப் போட்டாச்சா, அதுக நாத்தம் தாங்கலை, அதுகளையே நிக்காஹ் பண்ணியிருக்கலாம்.

"எங்க போறே?"

"பொட்டலுக்கு. அங்க மாட்டுல மருந்து வச்சிருக்காம்மா."

அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மணி தாண்டியது. இன்னொன்று தாண்டியது.

"கலிமாச் சொன்னாகன்னு உங்க பெரியத்தா சொல்றாக."

சுலைகா துப்பட்டியின் நுனியை மடித்தாள், பிரித்தாள்.

"நான் கால்மாட்டுலதானே இருந்தேன்" என்றாள் அம்மா. "எனக்கும் கேட்டுச்சு."

வெளியே யாரோ பெண்களுக்குச் சாப்பாடு வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒருத்தி தட்டு எடுக்கச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"டின்னுல மிச்சம் இருக்கு" என்றாள் அம்மா. "எடுத்துட்டுப் போ."

மையத்து வீட்டில் அழுகை அடங்கிச் சோறு விழும் நேரத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒருவரும் பார்ப்பதில்லை. சுலைகா டின்னோடும் தீப்பெட்டியோடும் கொல்லை வழியாக இறங்கினாள். கருப்பம்மாள் கூடவே வந்தாள். வழி நெடுக வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

பொட்டல் தெரிவதற்கு முன்பே வானம் தெரிந்தது. அவை வட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன.

செவலை விறைத்துக் கிடந்தது. வயிற்றை நாய்கள் ஏற்கெனவே திறந்திருந்தன. திறந்த நாய்களில் ஒன்று பக்கத்திலேயே கிடந்தது, இன்னொன்று கண்மாய்த் தண்ணீருக்குப் போகும் வழியில். கழுகுகள் கொஞ்சம் தள்ளி, கல்யாணப் பந்தி விரிக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றன. ஒன்று மட்டும் காத்திருக்கவில்லை. அதன் தலை வயிற்றுக்குள் இருந்தது. இடது இறக்கையில் மஞ்சள்.

மருதமரத்து ஜோடியில் ஆண் எது பெண் எது என்று அத்தாவுக்கே தெரியாது. ஒன்றுக்கு இடது பக்கம் மட்டும் பூசியிருந்தார், மற்றதுக்கு வலது.

அத்தாவின் கழுகுகள்மேல் அவள் கல் எறிந்ததே இல்லை. எறிய ஆசைப்பட்ட நாட்கள் உண்டு. இந்த வருடம் கண்மாய் நிறையவில்லை. கரையோரப் பொட்டலில் கல் கிடையாது, காய்ந்து வெடித்த மண்தான். சுலைகா குனிந்து கை கொள்கிற அளவு மண்கட்டிகளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். முதல் கட்டி மாட்டின்மேல் பட்டுப் பொடியாகி உதிர்ந்தது. காத்திருந்தவை தத்தித் தத்தி ஓடி இறக்கையை விரித்தன. அடுத்ததை அவற்றின் நடுவே எறிந்தாள். பெரிய துணியை உதறுகிற சத்தத்தோடு எல்லாம் மேலே போயின. வலது பக்கம் மஞ்சள் பூசியது கடைசியாக எழுந்தது.

இடது மஞ்சளும் தலையை வெளியே எடுத்து ஓடப் பார்த்தது. நாலு எட்டு ஓடியது. பிறகு மார்பு தரையில் படும்படி உட்கார்ந்து, இறக்கையை இரண்டு பக்கமும் பரத்திப் போட்டது. வாயிலிருந்து நுரை வழிந்தது. சுலைகா பக்கத்தில் போய்க் குந்தினாள். ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. போடத் தெரிந்தவர் இந்நேரம் குழிக்குள் இறங்கியிருப்பார். அது அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பார்க்கவில்லை.

கருப்பம்மாள் அதற்குள் காய்ந்த பனையோலையும் கருவேல முள்ளும் இழுத்து வந்து மாட்டின்மேல் குவித்திருந்தாள். நாய்களையும் அந்தக் கழுகையும் அதற்குள் தள்ளினார்கள். டின்னில் இருந்ததைச் சொட்டு விடாமல் ஊற்றி சுலைகா தீ வைத்தாள். மாடு முழுதாக வேகாது, ஆனால் கரிந்துபோனதைக் கழுகு தொடாது. புகை நேராக மேலே போனது. மேலே வட்டமிட்டவை வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு விலகின. ஒன்று மட்டும் வட்டத்திலிருந்து பிரிந்து மருதமரத்துக்குப் போய், கூட்டின் விளிம்பில் நின்று, வெயிலுக்குக் குடைபோல இறக்கையைப் பாதி விரித்தது. கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது கீழேயிருந்து தெரியவில்லை. பார்த்தவர் ஒருவர்தான்.

தீ தணிகிறவரை இருவரும் சிதறிய முள்ளை உள்ளே தள்ளினார்கள். கிளம்பும்போது சுலைகா சொன்னாள்: "இனிமே எங்க மாடு செத்தாலும் எனக்குச் சொல்லி விடுங்க. மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி."

கருப்பம்மாள் அவளுடைய துப்பட்டியில் ஒட்டியிருந்த கரியைப் பார்த்தாள்.

"ஆகட்டும் தாயி."

அவள் மானகிரிப் பக்கம் பிரிந்தாள். சுலைகா தனியாக நடந்தாள். வழியில் மையவாடிச் சுவர் வந்தது. ஆண்கள் போய்விட்டிருந்தார்கள். உள்ளே மம்பட்டிகளைக் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் மடியில் இன்னும் ஒரு மண்கட்டி இருப்பதைக் கவனித்தாள். எறிய எடுத்தது. தீ வைக்கும்போதும் அது கீழே விழாமல் இருந்திருக்கிறது.

சுவர் நெஞ்சு உயரம்தான். அதை எடுத்துக் கையை மேலே போட்டு விரலைத் திறந்தாள். மண் உதிர்ந்து விழுந்தது. அந்தப் பக்கம் அது யார் குழி மேல் விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.