மெட்டிக்குக் குனிய வேண்டும்

செல்லதுரைக்குத் தாலி கட்டுவதில் பயமில்லை. பயமெல்லாம் அடுத்து வரும் மெட்டியில்தான். பெண் அம்மியில் கால் வைப்பாள். மாப்பிள்ளை குனிந்து அவள் விரலில் மெட்டி போட வேண்டும். அவனுக்கு வயது இருபத்தைந்து, எடை நூற்றெட்டு கிலோ. தன் கால் விரலையே அவன் பார்த்து வருடக்கணக்காகிறது.

பயம் சும்மா வரவில்லை. போன வருடம் எரிவாயுக் குழாய் பதிக்க வயலில் இயந்திரம் இறங்கியபோது, ஊரே பாபநாசம் சாலையில் உட்கார்ந்தது. போலீஸ் வந்ததும் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். சம்மணம் போட்டிருந்த செல்லதுரையால் எழ முடியவில்லை. நான்கு போலீஸ்காரர்கள் தூக்கி வேனில் ஏற்றினார்கள். போராட்ட வீரன் என்று பேப்பரில் படம் வந்தது. உண்மை தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெங்கசாமி ஒருவர்தான். வந்து வாய்த்த பெண் ராஜாத்திக்கு அவர் தாய்மாமன்!

"அம்மிகிட்ட மாப்ள எப்படிக் குனியிறாருன்னு பாக்கத்தானே போறோம்" என்று நிச்சயதார்த்தத்திலேயே சிரித்தார்.

மறுநாளே அப்துல் வஹாப் மாஸ்டரின் பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். முதலில் பாட்டுப் போட்டு ஏரோபிக்ஸ், பிறகு யோகா. பத்தாவது நிமிடத்திலேயே அவனுக்குக் கண் இருட்டியது.

"மாஸ்டர், நெஞ்சு வெளிய வந்துரும் போலருக்கு."

"வராது தம்பி. உக்காந்துராதீங்க, மெதுவா நடங்க. மூச்ச நல்லா இழுத்து விடுங்க."

காலை நீட்டி உட்கார்ந்து குனிந்தால் கை முழங்காலோடு நின்றது. மாஸ்டர் வாரா வாரம் ஸ்கேல் வைத்து அளந்தார். ஒரு வாரம் மூன்று அங்குலம் முன்னேற்றம், ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத வாரங்களில் சோறு இறங்காது. மூன்றாம் மாதம் கைவிரல் கால் விரலைத் தொட்டது. அவன் அழுதே விட்டான்.

முகூர்த்தம் வந்தது. தாலி கட்டியாயிற்று. ராஜாத்தி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலை அம்மியில் வைத்தாள். ரெங்கசாமி செல்போனோடு முன்னால் வந்து நின்றார். செல்லதுரை குனிந்தான். கை எட்டியது!

அதே நேரம் இடுப்பில் பட்டு வேட்டி நழுவியது. மூன்று மாதமும் ட்ராக் பேன்ட்டிலேயே குனிந்து பழகியவன், இளைத்த இடுப்பில் வேட்டி கட்டி ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை, மடையன். ஒரு கையால் வேட்டியை அமுக்கினான். மெட்டியோ இறுக்கம், இரண்டு கையும் வேண்டும். நிமிர்ந்தால் குனிய முடியவில்லை என்பார்கள். குனிந்தபடியே நின்றால் இன்னும் கேவலம். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது.

தோளிலிருந்த ராஜாத்தியின் கை விலகியது. போச்சு, வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டாள் என்றே நினைத்தான்.

அந்தக் கை அவன் முதுகுப்பக்கம் இறங்கி, வேட்டியை இடுப்போடு கொத்தாகப் பிடித்தது.

"ரெண்டு கையாலயும் போடுங்க" என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நான் புடிச்சிருக்கேன்."

அவன் வேட்டியை விட்டான். மெட்டி ஏறியது. அவள் பிடியை விடாமலே அடுத்த காலை எடுத்து அம்மியில் வைத்தாள்.