இடம் சுற்றிய எலும்பு

1978ஆம் வருடம் கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் முன்பு, மூட்டை தூக்கும் இருசப்பனின் வலது காலில் உடைந்துகிடந்த எலும்பு தனக்குள்ளேயே சண்டை போட ஆரம்பித்தது. நான்கு வீடு தள்ளிக் கேட்டது. எலும்பை இடிக்கிறவர்கள் ஒரு கூட்டம், கட்டுகிறவர்கள் ஒரு கூட்டம். எல்லார் உடம்பிலும் இவர்கள் உண்டு, சத்தமில்லாமல் வேலை பார்ப்பார்கள். இவன் காலில்தான் இந்தக் கூச்சல். இடிப்பு மிஞ்சிப்போனது. பங்குனிக்குள் எலும்பு கூடாவிட்டால் காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சண்டையில் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று புரிந்தது அவன் தங்கை திரௌபதிக்கு மட்டும்தான். காலேஜ் விலங்கியல் லேபில் அவள் உதவியாளர். ஒன்பது வருடமாக அண்ணனோடு பேச்சில்லை. அவள் மேல்படிப்புக்கு வந்த கடிதத்தை அடுப்பில் போட்டவனோடு யார் பேசுவார்கள்? வந்தவள் வாசலிலேயே சொன்னாள்: “உனக்காக ஒண்ணும் வரல. எலும்பு என்ன சொல்லுதுன்னு கேக்க வந்தேன். வாயை மூடிக்கினு காலை நீட்டு.”

நாற்பது நாள் காது வைத்துக் கேட்டு, எந்தச் சேதி எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று மாவுக்கட்டின் மேலேயே நீல மையில் வரைந்தாள். இடிக்கச் சொல்வதே கட்டுகிறவர்கள்தான். அவர்களுக்குச் சொல்லி அனுப்புவது எலும்புக்குள் அடைந்துகிடக்கும் கிழட்டு செல்கள். பாரம் விழுந்தால்தான் அதுகள் வாய் திறக்கும். இதெல்லாம் சரி. அம்புக்குறிகள்தான் வம்பு. அவை காலை இடமாகச் சுற்றின.

அண்ணாமலையை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுகிற ஊர் இதைப் பொறுக்குமா? தேங்காய்க்கடை கண்ணாயிரம் ஆறு பேரோடு வந்து, இருசப்பனை அமுக்கிப் பிடித்து, மாவுக்கட்டின் மேல் சுண்ணாம்பு அடித்து, காவியால் அம்புகளை வலம் சுற்ற வரைந்துவிட்டுப் போனார். செய்ததைப் புண்ணியம் என்றும் சொல்லிக்கொண்டார், வெட்கங்கெட்ட மனுஷன். எலும்பு படத்தின்படி நடந்தது. சேதிகள் தப்பான வீட்டுக்குப் போக, மூன்றே நாளில் கட்டைவிரல் நீளத்துக்கு எலும்பு கரைந்தது.

திரௌபதி காவியைச் சுரண்டி மறுபடி வரைந்தாள். நேரே கடைக்குப் போய், “யோவ், உன் எலும்புலயும் இதே வழிதான். உடைச்சுக் காட்டட்டா?” என்றாள். வீதியே வேடிக்கை பார்த்தது. பிறகு அண்ணன் கையில் ஊன்றுகோலைத் திணித்து, “அம்பு போற பக்கமே நட” என்றாள்.

மாசிப் பௌர்ணமியன்று பட்டப்பகலில் அவன் மலையை இடமாகச் சுற்றினான். வழியில் அடி அண்ணாமலைக் கிராமத்தில் அவன்மேல் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். “கட்டையில போறவனே” என்று எதிரில் வந்தவர்கள் அத்தனை பேரும் ஏசினார்கள். அடிக்கு அடி எலும்பின் கூச்சல் குறைந்தது. பங்குனியில் மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. “மன்னிச்சுடும்மா” என்று இருசப்பன் அழுதான். “கால் கூடிச்சு. அதோட நிறுத்திக்கோ” என்று திரௌபதி கிளம்பிவிட்டாள்.

ஒரு பௌர்ணமி தவறினாலும் எலும்பு முணுமுணுக்கும் என்பதால் அவன் நடையை விடவில்லை. 1985 வாக்கில் ஊருக்குப் பழகிவிட்டது. திட்டிக்கொண்டே வழி விட்டார்கள். திரௌபதியும் பௌர்ணமிதோறும் சுற்றுவாள், எல்லாரையும்போல வலமாக. அதனால் எங்காவது ஓரிடத்தில் இருவரும் நேருக்கு நேர் வந்தாக வேண்டும். அவன் நின்றுவிடுவான். அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்து, கொஞ்சம் குனிந்து காது கொடுப்பாள். ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் நடையைக் கட்டுவாள்.