ஜோக் சொல்லத் தெரியாத மொழி

தண்ணீர் ஊற்றாமல் சமோவாருக்கு சுவிட்சைப் போட்டது நான்தான். தேநீருக்கு வெந்நீர் கொதிக்க வைக்கும் பித்தளைப் பாத்திரம் அது. ரஷ்ய மொழித் துறையில் இருந்த ஒரே அலங்காரப் பொருளும் அதுதான். அதைப் பொசுக்கிய நான் ஒரு லிஃப்ட் மெக்கானிக் என்பதுதான் கொடுமை. பாதி ஆயுளை மின்சாரத்தோடு கழித்தவன், சுவிட்சைத் தட்டிவிட்டு, பக்கத்து பெஞ்சு மாணவனிடம் கதை அளக்க உட்கார்ந்துவிட்டேன். கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கருகல் நாற்றம் வந்து கெடுத்துவிட்டது.

முன்வரிசையில் ஒரு பெண் திரும்பிப் பார்க்காமலேயே நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவள் என் மகள்.

ஆமாம், இருவருக்கும் ஒரே வகுப்பு. பல்கலைக்கழகத்தின் மொழிகள் கட்டடத்து லிஃப்ட் எப்போதும் மூன்றாவது மாடியில்தான் மக்கர் பண்ணும். அதைச் சரிசெய்யப் போகும்போதெல்லாம் திறந்த கதவு வழியே ரஷ்யப் பாடம் காதில் விழும். ஸ்பேனரைப் பிடித்தபடியே பாதி எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். மகள் அங்கே சேர்ந்த வருஷம் நானும் விண்ணப்பம் போட்டுவிட்டேன். வயது வரம்பு இல்லை என்று அறிவித்தவர்கள் என்னை மனதில் வைத்து அறிவித்திருக்க மாட்டார்கள். மாணவர்கள் என்னை ‘லிஃப்ட் மாமா’ என்றார்கள். மகள் வகுப்பில் என்னைக் கூப்பிடுவதே இல்லை.

ஆனால் தப்பிக்கவும் அவளுக்கு வழியில்லை. ரஷ்யாவில் ஒருவரை மரியாதையாகக் கூப்பிட வேண்டுமென்றால் அவர் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசிரியை அதே முறையில்தான் எங்களைக் கூப்பிடுவார். அவளை எழுப்பிக் கேள்வி கேட்கும்போதெல்லாம் என் பெயரும் கூடவே எழுந்து நிற்கும். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும். அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

ஆசிரியை ரஷ்யாவிலேயே பிறந்து வளர்ந்தவர். சிரிக்க மாட்டார். அங்கெல்லாம் காரணமில்லாமல் பல்லைக் காட்டினால் சந்தேகப்படுவார்கள் என்று முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டார். அதேபோல, எப்படி இருக்கிறாய் என்று போகிற போக்கில் கேட்டுவைக்கக் கூடாதாம். நின்று பதிலைக் கேட்கத் தயாராக இருந்தால் மட்டும் கேட்க வேண்டுமாம். அன்றிலிருந்து அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்து நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

இதற்கிடையில் ரஷ்யாவுக்குப் போய் ஒரு வருஷம் படிக்க ஓர் இடம் வந்தது. வகுப்பில் முதல் ஆள் என் மகள்தான். ஆசிரியை அதை அவளுக்கென்றே வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும். அவளோ வாயைத் திறக்கவில்லை.

என் மனைவி வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் நர்ஸ், விடுமுறைக்குத்தான் வருவாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். மகளும் போய்விட்டால் மிச்சம் நானும் ஃபிரிட்ஜும். அதனால்தான் தயங்குகிறாளோ என்று எனக்குள் ஓர் உறுத்தல். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தேன்.

“என்னம்மா முடிவு பண்ணின?”

“பாக்கலாம்ப்பா.”

“குளிர்ல மூக்கு கழண்டு விழுந்துரும்னு பயமா?”

“உங்க மூக்கு சைஸுக்கு இருந்தா பயப்படலாம். எனக்கு என்ன?”

இருவரும் சிரித்தோம். பேச்சு அத்தோடு முடிந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் இப்படித்தான் முடியும். அப்பனும் மகளும் சேர்ந்தால் ஒரு கேள்விக்கும் உருப்படியாகப் பதில் வராது என்று மனைவி போனில் திட்டினாள். நான் அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன்.

சமோவாருக்குப் புது ஹீட்டர் சுருள் போட்டு, பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோய் வைத்தேன். ஆசிரியை நன்றி சொன்னார். அதே மூச்சில், வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வில் நீங்களும் உங்கள் மகளும் ஜோடி என்றார். சமோவாருக்கான தண்டனையா என்று கேட்டேன். பாதி தண்டனை என்றார். மீதியைச் சொல்லவில்லை.

தேர்வு அறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். ஆசிரியை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நலம் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். ரஷ்ய மொழியில் மட்டுமே பேச வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி நழுவினால் மதிப்பெண் கிடையாது. அங்கே கேட்பதுபோல் கேளுங்கள், அங்கே சொல்வதுபோல் சொல்லுங்கள் என்றார்.

“எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டேன்.

மகள் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னாள்.

“நன்றாக இல்லை. தூக்கம் வரவில்லை.”

“ஏன்?”

“எனக்கு அங்கே போக வேண்டும்.”

என் வாய் பழக்கதோஷத்தில் பழைய மூக்கு ஜோக்குக்குத் தயாரானது. மூக்குக்கு ரஷ்ய வார்த்தை தெரியும். கழன்று விழுவதற்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். ரொட்டி, பனி, வீடு, பயம், வேண்டும், வேண்டாம். என்னிடம் இருந்த சரக்கு அவ்வளவுதான். அதை வைத்து ஒளிந்துகொள்ள முடியாது. வேறு வழியில்லாமல் நேராகவே கேட்டேன்.

“நீ போகாதது எனக்காகவா?”

“ஆமாம். வீட்டில் நீங்கள் தனியாக இருப்பீர்கள். ஜோக் சொல்ல ஆள் இல்லை. எனக்குப் பயம்.”

அவளிடமும் அவ்வளவு வார்த்தைதான் இருந்ததா, இல்லை, அவ்வளவே போதும் என்று நினைத்தாளா, தெரியவில்லை. மூன்றாவது மாடி லிஃப்ட்போல நான் பாதியில் நின்றுவிட்டேன். பிறகு எப்படியோ நகர்ந்தேன்.

“எனக்கு வகுப்பு இருக்கிறது,” என்றேன். “இங்கே மாணவர்கள் இருக்கிறார்கள். சமோவார் இருக்கிறது.” ஜன்னல் பக்கம் கை காட்டினேன். “ஆசிரியை இருக்கிறார். அவர் இன்னும் சிரிக்கவில்லை. எனக்கு நிறைய வேலை இருக்கிறது.”

ஆசிரியையின் முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பேதான். அதைக் கொண்டாடக்கூட எனக்கு நேரமில்லை.

“போகிறாயா?” என்று மகளிடம் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தேன். இந்த முறை நடுவில் எதையும் சொல்லிக் கெடுக்கவில்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மதிப்பெண் போகும் என்று தெரிந்தே, தமிழில் சொன்னாள்.

“போறேன்ப்பா.”