செவ்வாய்க்கிழமைக் குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. வாரம் முழுக்க அவளுக்குப் பயமில்லாத நேரம் அந்த இரண்டு மணி நேரம்தான்.

வானொலி நிலையத்தில் அவளைப் ‘பட்டியல்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாரத்தின் முதல் இருபது பாடல்களை இருபதிலிருந்து ஒன்றுவரை சொல்லிக்கொண்டு வருவது அவள் வேலை. கேட்பவர்கள் எல்லாம் அது நேரடி ஒலிபரப்பு என்றே நினைத்தார்கள். உண்மையில், இசை வார இதழ் ஒன்று தன் பட்டியலைத் திங்கட்கிழமையே நிலையத்துக்கு அனுப்பிவிடும். செவ்வாயன்று அவள் பேசிப் பதிவு செய்துவிடுவாள். இதழ் வெள்ளியன்று கடைக்கு வரும். நிகழ்ச்சி ஞாயிறன்று ஒலிக்கும்.

அவள் விட்டுவிட்டு வந்த கணவனும் அப்படியே நம்பினான். அவள் கையை முறித்தவன் அவன். அவள் இருக்கும் இடத்துக்கு இருநூறு மீட்டருக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. புது வீடு எங்கே என்று தெரியாததால், ஞாயிறுதோறும் நிலையத்துக்கு எதிரே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, காதில் வானொலியை வைத்துக்கொண்டு, அவள் வெளியே வருவாள் என்று காத்துக் கிடப்பான்.

வானொலி நிலையத்துக் காவலாளி சொல்லித்தான் அவளுக்கு இது தெரிந்தது. காவல் நிலையத்தில் சொன்னபோது பெண் இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். “நீங்க உள்ள இல்லாதப்ப அவன் தெருவுல நிக்கிறதுக்கு என்னன்னு கேஸ் போடறதும்மா?”

சரி, நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் அங்கே நிற்கிறவரை வேறெங்கும் இல்லை. ஏழு வயது மகள் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு அவள் தைரியமாகக் கடைத்தெருவுக்குப் போகலாம்.

அந்த ஞாயிறு செருப்புக் கடையில் இருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்து வானொலியில் அவள் குரல் மூன்றாவது இடத்துப் பாடலை அறிவித்தது. கடைக்காரருக்கு அவள் யாரென்று தெரியாது. சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாதிப் பாட்டில் வேறொரு குரல் குறுக்கிட்டது.

“நேயர்களே, இந்த நிகழ்ச்சி செவ்வாய்க்கிழமை பதிவு செய்யப்பட்டது. அதன் பிறகு வார இதழ் தன் பட்டியலைத் திருத்தியிருக்கிறது. முதலாம், மூன்றாம் இடங்கள் மாறியிருக்கின்றன. தவறுக்கு வருந்துகிறோம்.”

அவள் கையிலிருந்த செருப்பு நழுவியது. கடைக்காரர், “என்னம்மா, அளவு சரியில்லையா?” என்றார். அவள் நிலையத்துக் காவலாளிக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, எதிர்ல அந்த ஆளு இருக்கானா?”

“இப்பதாம்மா வண்டிய எடுத்துட்டுப் போனான். போறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து, ‘செவ்வாய்க்கிழமை எத்தன மணிக்குப் பதிவு?’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். தெரியாதுன்னுட்டேன்.”

“எந்தப் பக்கம் போனான்?”

“அதப் பாக்கலியேம்மா.”

வெளியே தெருவில் போன மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் அவனுடையதாகத் தெரிந்தது. சிட்டுவின் கையை இறுக்கிப் பிடித்து, முகத்தைத் துப்பட்டாவால் மூடி, இரண்டு பேருந்து மாறி வீடு சேர்ந்தாள். “கை வலிக்குதும்மா” என்று குழந்தை சொன்ன பிறகுதான் பிடி தளர்ந்தது.

திங்கட்கிழமை நிகழ்ச்சி அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஏம்மா, இத முன்னாடியே சொல்லக் கூடாதா? அந்த அறிவிப்பப் போட்டிருக்கவே மாட்டேனே!”

“சொன்னா எதுக்குடா வம்புன்னு வேற ஆளப் போட்டுடுவீங்களோன்னு பயம் சார்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படி நினைக்கக்கூடியவர்தான் என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். “பதிவ வேற நாளைக்கு மாத்திடலாம்” என்றார்.

“வேண்டாம் சார். நாளைக்கு அவன் வருவான். நாளைக்கு நான் உள்ள இருப்பேன். இப்ப இன்ஸ்பெக்டரம்மா கேஸ் போடலாமில்ல?”

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிரவு கண்ணை மூட முடியவில்லை.

செவ்வாயன்று சாதாரண உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில் உட்கார்ந்து, அவன் வழக்கமாக நிற்கும் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவள் “பன்னிரண்டாவது இடத்தில்...” என்று மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நின்றாள். பக்கத்து அறையிலிருந்த ஒலிப்பதிவுக்காரர், “தண்ணி குடிச்சுட்டு நிதானமாப் பண்ணும்மா. ஓடுற டேப் ஓடட்டும்” என்றார்.

தம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். உள் தாழ்வாரப் பக்கத்துக் கண்ணாடிக்கு அப்பால் அவன் நின்றான்.

கையில் பழுப்பு உறை. வார இதழிலிருந்து திருத்திய பட்டியல் கொண்டுவந்ததாகச் சொல்லிப் பக்கவாசல் வழியாக நுழைந்திருக்கிறான். அங்கிருந்த பையனுக்கு அவன் முகம் தெரியாது. ஞாயிறன்று அவ்வளவு பெரிய தவறு நடந்த இடத்தில், திருத்தம் என்றால் யார்தான் தடுப்பார்கள்?

அவன் வாய் அசைந்தது. ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. கழுத்து நரம்பு புடைப்பதும், முஷ்டி கண்ணாடியில் இறங்குவதும் மட்டும் தெரிந்தன. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டோமா? நினைவில்லை. அவன் கை கதவின் பிடிக்குப் போனது. பிடி கீழே இறங்கியது, கதவு திறக்கவில்லை.

“வாசலுக்குப் போன் பண்ணுங்க” என்று மைக்கில் சொன்னாள். சொன்னது கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. ஒலிப்பதிவுக்காரர் ஏற்கெனவே ரிசீவரில் கத்திக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரர்கள் வந்து சேர ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடமும் அவன் கண்ணாடியில் நெற்றியை அழுத்தி, இமைக்காமல் அவளையே பார்த்தான். அவளும் பார்வையை எடுக்கவில்லை. எடுத்தால் உள்ளே வந்துவிடுவான் என்று இருந்தது.

அவனை இழுத்துக்கொண்டு போன பிறகும் அவள் கதவைத் திறக்கவில்லை. அதிகாரி, ஒலிப்பதிவுக்காரர், இன்ஸ்பெக்டர் என்று ஒவ்வொருவராக வந்து கெஞ்சினார்கள். பதிவு சாதனத்தில் எல்லாம் விழுந்திருந்தது: அவள் மூச்சு, நாற்காலிக் கிரீச்சு, ஒரே ஒரு வாக்கியம். பின்னால் அது நீதிமன்றத்துக்குப் போனது. அவனுக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது.

அவனைப் பிடித்த அந்த வார ஞாயிறன்று பட்டியலை வேறொருவர் படித்தார். பத்து மணிக்குச் சிட்டு, “அம்மா, கடைத்தெருவுக்குப் போலாமா?” என்றாள்.

அவன் சிறையில் இருக்கிறான் என்று தெரியும். தெரிந்தும் கதவருகே வெகுநேரம் நின்றாள். பிறகு திறந்தாள். வாசற்படியில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். சிட்டு அதற்குள் பாதித் தெரு ஓடியிருந்தாள்.