முகமூடிகள் வந்திறங்கிய மாலை

வெயில் தணிந்து, மேலைக் கதிரவன் வளைகுடாவின் நீர்ப்பரப்பில் செம்பை உருக்கி வார்த்தாற்போல் ஒளிபரப்பி நிற்க, வானளாவிய பாரந்தூக்கிகள் கழுத்து நீட்டிய நாரைக் கூட்டமென அணிவகுக்க, எண்டிசைப் பொருள்களும் வந்து குவியும் துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தின் ஒருபால், குளிரூட்டிய கிடங்கொன்றில் நிகழ்ந்ததைத் தமிழ்நலம் தேர்ந்த அன்பர் கேட்பீராக.

அருங்காட்சியகம் ஒன்று கண்காட்சிக்கென வருவித்த பழைய உரோமானியர் தளப்படம், மொசைக் என்பர் அதனை, ஆங்கு மரப்பேழையுள் வந்திருந்தது. கூத்தர் அணியும் முகமூடிகள் இரண்டினை, ஒன்று அழுவதாகவும் மற்றொன்று நகுவதாகவும், நகத்தினும் சிறிய வண்ணக்கற்களைப் பதித்துப் பண்டைக் கைவல்லார் எவரோ இயற்றியது அது. அதனை இறக்கியவன் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கார்மேகம். சுமைதூக்கி வண்டி ஓட்டுபவன். வரும் வெள்ளியன்று விடுப்பில் சென்று, தான் இன்னும் கண்டிராத பெண்மகவை ஏந்தும் வேட்கையால் நாளெல்லாம் மகிழ்ந்திருந்தவன்.

பேழையைத் தரையில் இருத்துகையில் வண்டியின் கை ஒரு சாண் சட்டெனத் தாழ, உள்ளிருந்து மளுக்கென்று ஓர் ஒலி எழுந்தது. அருகில் எவரும் இலர். வாய் திறவாதிருப்பின் பழி கப்பலையும் கடலையும் சாரும். திறப்பின் விடுப்பு மட்டுமன்று, வேலையே போகலாம். அலையிடைத் துரும்பென நெஞ்சம் அலமரச் சற்றே இருக்கையில் அமர்ந்திருந்தவன், எழுந்து மேற்பார்வையாளர் செய்கு முகம்மதிடம் சென்றான்.

“அண்ணே, பொட்டிய நாந்தான் எறக்குனேன். கொஞ்சம் வேகமா எறங்கிருச்சு. உள்ள என்னமோ ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சு.”

அவர் அவனை நெடிது நோக்கினார். “நீயா வந்து சொல்லிட்டே. நானும் மேல சொல்லியாகணும். லீவ நிப்பாட்டுனாலும் நிப்பாட்டிருவாங்கப்பா.”

செய்தியறிந்து அருங்காட்சியகத்தினின்று வந்த காப்பாளர் அனன்யா, துபாயிலேயே வளர்ந்த தமிழ்நங்கை, பேழையின் மேற்பலகையை அகற்றச் செய்தாள். அழும் முகமூடியின் வாயோரம் தொடங்கிக் கன்னம் நெடுக ஒரு பிளவு ஓடிற்று. தன்னால் நேர்ந்ததென்றே எண்ணினான் கார்மேகம். அவளோ கைவிளக்கை அருகே பிடித்துக் குனிந்து பார்த்தாள். பின்னர்ப் பேழையின் அடிப்புறம் கைவிட்டு, படத்தைத் தாங்கி நின்று முறிந்த முட்டுக்கட்டை ஒன்றை உருவியெடுத்தாள்.

“ஒடஞ்சது இதுதான் அண்ணா. கல்லுக்கு ஒண்ணும் ஆகலை. அந்த கிராக் ரொம்பப் பழசு, அந்தக் காலத்துச் சுண்ணாம்பு வச்சே அடைச்சிருக்காங்க. ஆனா நீங்க சொல்லாம இப்படியே லாரியில ஏத்தியிருந்தா, வழியில மொத்தமும் போயிருக்கும்.”

கார்மேகம் தரையிலேயே அமர்ந்தான். செய்கு முகம்மது அவன் தோளைத் தொட்டு, வெள்ளிக்கிழமைப் பயணத்திற்கு ஆவன செய்யுமாறு மெல்லக் கூறினார். வெளிப்போந்து உப்புக்காற்றில் நின்று மனைவியை அழைத்தவன், நடந்தது ஒன்றும் உரையாமல், பிள்ளை உறங்கிற்றா என்று மட்டும் வினவினான்.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சியும் அதனை மறையாது உரைத்தவர்க்கு, அவ்வச்சம் நீங்கியபின் வரும் மூச்சினும் இனியது இவ்வுலகில் அரிது.