கொதியனுக்கு எதிராக ஒரு சான்றிதழ்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில். 2008ஆம் ஆண்டு. நிர்மலா என்ற சமூகப் பணியாளர் கைப்பையிலிருந்து லேமினேஷன் செய்த ஒரு தாளை எடுத்து, "இதைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க" என்றார். வெயிலில் சாய்த்தபோது பிளாஸ்டிக்கின் மேல் மை இல்லாத ஒரு கீறல் தெரிந்தது. யாரோ எழுதப் பார்த்து, பேனா வழுக்கி, விட்டுவிட்ட கீறல். அதைப் பற்றி எழுத உட்கார்ந்து இது நான்காவது வரைவு.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "திருத்தணி மலைப்படிகளில் விடியற்காலைப் பனி…" கிழித்துவிட்டேன். இந்தக் கதையில் யாருமே படியேறுவதில்லை.

இரண்டாவது: "கோதண்டம் கெட்டவன் அல்ல." இது இன்னும் மோசம். முதல் வரியிலேயே தீர்ப்பு எழுத நான் யார்?

மூன்றாவது வரைவைப் பற்றி நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

2

2002இல் நிர்மலா, திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நடந்த குடும்ப ஆலோசனை மையத்தில் வேலை பார்த்தார். கதைவழிச் சிகிச்சையில் ஐந்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு அப்போதுதான் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆசை அதிகம். "நான் கோபக்காரன்" என்று ஒருவர் சொல்லச் சொல்ல, கோபம் அவரோடு ஒட்டிப்போகிறது. ஆலோசகர் இரண்டையும் மெல்லப் பிரிக்கிறார். கோபத்துக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்கிறார். எப்போது வரும், வருமுன் என்ன சத்தம் போடும் என்று, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிக் கேட்பதுபோல விசாரிக்கிறார். பிறகு முக்கியமான கேள்வி: அது கதவைத் தட்டியும் நீங்கள் திறக்காத நாள் உண்டா? உண்டு என்றால் அந்த நாளிலிருந்து வேறொரு கதை தொடங்குகிறது. அதைக் கேட்க நாலு பேரை வரவழைப்பார்கள். முடிவில் கடிதமோ சான்றிதழோ எழுதிக் கொடுப்பதும் உண்டு.

(நிர்மலாவுக்கு இது புதிதாகவே படவில்லை. கடவுள் பாவத்தையும் பாவம் செய்தவனையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை என்று சர்ச்சின் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு வளர்ந்தவர் அவர். நாலு பேர் முன்னால் சொல்வதோ, அவருடைய சபையில் மாதாமாதம் நடக்கும் சாட்சிக் கூட்டம்தான். நான் அப்படி இருந்தேன், இப்போது இப்படி ஆனேன். பயிற்சி முடிந்து ரயிலில் திரும்பும்போது, தன் வேலையும் விசுவாசமும் ஒரே இருக்கையில் அருகருகே உட்கார்ந்து வருவதாக அவருக்குத் தோன்றியது.)

3

கோதண்டம் மலைக்கு ஆள் ஏற்றும் வேனின் டிரைவர். மனைவி ஜெயம்மாவின் வலது மணிக்கட்டை உடைத்திருந்தான். அவள் பொதட்டூர்பேட்டையில் அப்பா வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் திரும்பி வர வேண்டும். அதற்காகத்தான் அவன் மையத்துக்கு வந்தான்.

"மலைமேல இருக்கறவரு கோவமே இங்க வந்துதான் தணிஞ்சுதாம் மேடம். எனக்கு இங்கயே பொறந்தும் தணியல. ஃபேன்கூட ஓடாத உங்க ரூம்லயா தணியப் போவுது?"

"உங்க கோவத்துக்கு ஒரு பேரு வைங்க, பாப்போம்."

"பேரா? இன்னா, புள்ளையா பொறந்துகீது?"

சிரித்தான். ஆனால் யோசித்தான். "மலை ஏறச்சொல்ல வண்டி கொதிக்கும்ல, அந்த மாரிதான் வரும். கொதியன்னு வச்சிக்கலாம்."

கொதியன் எப்போது வருவான், எந்த வழியாக வருவான் என்று பதினோரு அமர்வுகள் பேசினார்கள். ஏழாவது அமர்வில், அவன் கதவைத் திறக்காத அந்த நாள் கிடைத்தது. மலைப்பாதை வளைவில், பள்ளிப்பட்டிலிருந்து வந்த பயணி ஒருவர் கோதண்டத்தின் தாயை இழுத்துத் திட்டியிருக்கிறார். கோதண்டம் வண்டியை ஓரங்கட்டி, ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"ஏன் அடிக்கல?"

"தெரில மேடம். தண்ணி கையில இருந்துச்சி."

நிர்மலா அந்த வாக்கியத்தை இரண்டு முறை அடிக்கோடிட்டார். மையத்துக்குத் தெரிந்த நாலு பேரை ஒரு சனிக்கிழமை அழைத்து, கோதண்டத்தின் கதையைக் கேட்க வைத்தார். பிறகு முத்திரை போட்ட தாளில் எழுதிக் கொடுத்தார்: "திரு. கோதண்டம், பதினோரு அமர்வுகளின் முடிவில், கொதியனின் பிடியிலிருந்து விடுபட்டவர் என்று மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறோம்."

மறுநாளே அவன் அதை பஸ் ஸ்டாண்ட் எதிரில் லேமினேஷன் செய்துவிட்டான். (இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே காகிதத்தை வைத்துச் சூடான உருளைகளுக்குள் விடுவார்கள். பசை உருகிக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்துவிடும்.) "மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது மேடம். வாங்க, பொதட்டூர்பேட்டை போவலாம். நீங்க சொன்னா அவ நம்புவா."

4

மூன்றாவது வரைவு ஆறு பக்கம். ஆறிலும் கோதண்டம்தான். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டதை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஈரச்சட்டை, ஆவி, அவன் கண்களில்… (முடிக்கவில்லை.) ஜெயம்மா அதில் ஒரு மணிக்கட்டாக மட்டும் இருந்தாள். நிர்மலா பதினோரு அமர்வுகளில் செய்ததையே நான் ஆறு பக்கங்களில் செய்திருந்தேன். அவர் செய்தது என்ன என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

5

போகுமுன் ஒன்று. விசைத்தறி ஓடும் வீட்டில் காது உதவாது. அங்கே வளர்ந்தவர்கள் எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். இது உங்களுக்குப் பிறகு தேவைப்படும்.

ஜெயம்மாவின் அப்பா பங்காரு சான்றிதழைக் கண்ணுக்குக் கிட்டேயும் எட்டவும் வைத்துப் பார்த்தார். ஜெயம்மா தறி ஓட்டிக்கொண்டிருந்ததால், நிர்மலாவின் காதருகே வந்து கத்தித்தான் பேசினார்.

"ஓடத் தகுதியான வண்டின்னு எஃப்.சி. குடுப்பாங்க, தெரியும். மாப்ளைக்குமா குடுக்கறாங்க?" பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மேடம், நான் படிக்காதவன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இனிமே இவரு கை நீட்ட மாட்டாருன்னு நீங்க ஜவாப்தாரியா நிப்பீங்களா? ஆங்னு சொல்லுங்க, இப்பவே அனுப்பிடறேன்."

நிர்மலாவின் வாயில் அந்த 'ஆங்' தயாராகவே இருந்தது. ஐந்து மாத உழைப்பு. வாசற்படியில் நின்ற கோதண்டம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயம்மா தறியை நிறுத்தினாள். "குடு நைனா" என்று தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"கொதியன்னா யாரு?"

"அதான் ஜெயா, என் கோவம். அது வேற, நான் வேற. மேடம் புரிய வச்சாங்க."

"நம்ம வூட்டுக்கு அவன் எப்ப வந்தான்? நான் பாத்ததே இல்லியே. வந்திருந்தா டீ போட்டுக் குடுத்திருப்பேனே. நான் பாத்தது உன் கையத்தான்யா."

நிர்மலா பக்கம் திரும்பினாள். "பதினோரு தபா இவரு வந்துகினு இருந்தாரு. எனக்கு ஒரு தபா சொல்லி அனுப்பினீங்களா மேடம்? ஒடைஞ்சது என் கை. இதுல என் பேருகூட இல்ல. பேனா குடுங்க."

நிர்மலா கொடுத்தார். முழுவதும் மடங்காத விரல்களால் ஜெயம்மா பேனாவைப் பிடித்தாள். அது வழுக்கியது. அழுத்தினாள். மீண்டும் வழுக்கியது.

"எழுத முடியலியே மேடம். ஒட்டிட்டீங்க."

நிர்மலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நினைவுக்கு வந்தது. முழங்காலில் நின்று எல்லாரும் முதலில் சொல்வது பாவ அறிக்கை. மன்னிப்பின் வார்த்தை அதற்குப் பிறகுதான் வரும். குழந்தையிலிருந்து பழகிய அந்த வரிசையைத் தலைகீழாக்கி, முத்திரையும் போட்டு, அடிபட்டவளைக் கேட்காமலே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

6

முடிவு அ: நிர்மலா 'ஆங்' என்கிறார். ஜெயம்மா சாயங்கால பஸ்ஸில்… (மூன்றாம் வரியில் கை நின்றுவிட்டது. அந்த வீட்டுக் கதவு சாத்தியபின் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.)

முடிவு ஆ: கோதண்டம் எல்லார் முன்னாலும் உடைந்து அழுகிறான். (சாட்சிக் கூட்டத்தில் நன்றாக எடுபடும். அதனாலேயே வேண்டாம்.)

உண்மையில் நிர்மலா சொன்னது இது: "என்னால ஜவாப்தாரியா நிக்க முடியாதுங்க. இந்தம்மாவைக் கேக்காமலே எழுதிட்டேன். நான் செஞ்சது தப்பு."

கோதண்டத்தின் தாடை இறுகியது. எல்லாருடைய கண்ணும் அவன் கைகளுக்குப் போயிற்று, சான்றிதழ் கொடுத்த நிர்மலாவின் கண்ணும்தான். அவர்கள் பார்ப்பதை அவன் பார்த்தான். தன் கைகளைத் தானும் பார்த்தான்.

ஜெயம்மா திரும்பிப் போய்த் தறியை ஓட விட்டாள். வீடு முழுக்கச் சத்தம். அதற்குள் கோதண்டத்தின் வாய் அசைந்தது. நாலைந்து வார்த்தைகள் இருக்கலாம். பக்கத்தில் நின்ற நிர்மலாவுக்குக் கேட்கவில்லை. பங்காரு தலையைக் குனிந்திருந்தார். ஜெயம்மா மட்டும் நிமிர்ந்து, அவன் முடிக்கும்வரை உதட்டைப் பார்த்தாள்.

தறியை நிறுத்தினாள்.

"நீ சொன்னது எனக்குத் தெரிஞ்சிபோச்சி. நைனாவுக்கும் மேடத்துக்கும் கேக்கல. இன்னொரு தபா சொல்லு."

அவன் சொன்னான். என்ன சொன்னான் என்று நிர்மலா எனக்குச் சொல்லிவிட்டார்; ஜெயம்மாவைக் கேட்காமல் அதை இங்கே எழுத மாட்டேன். சத்தத்தில் சொன்னதும் அமைதியில் சொன்னதும் ஒன்றுதானா என்பது அவருக்கே தெரியாது. அது தெரிந்தவள் ஜெயம்மா ஒருத்திதான். அவள் என்ன செய்தாள் என்பது அதைப் பொறுத்தது; அதைச் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

ஆகவே போன வாரம் இந்த வரைவைப் பொதட்டூர்பேட்டைக்குத் தபாலில் அனுப்பினேன். கடைசிப் பக்கத்தில் பாதியைக் காலியாக விட்டு, கூடவே ஒரு பேனாவும் வைத்தேன். பதில் எழுதுவதும் எழுதாததும் அவள் விருப்பம்.

இதற்குள் நீங்கள் மனதில் ஒரு முடிவை எழுதிக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பென்சிலால் எழுதுங்கள்.