மணித்தியாலத்துக்கு ஒரு சாண்

குலசிங்கம் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குச் சுட்ட குண்டு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்குத்தான் இலக்கில் பட்டது. தூரம் இருபது மீற்றர். மணித்தியாலத்துக்கு ஒரு சாணும் இரண்டு விரல்களும் என்று, ஊரை விட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் மில்லிக்கனில் எங்கள் தெருவில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இடையில் அது நிற்கவும் இல்லை, கீழே விழவும் இல்லை. நெஞ்சு உயரத்தில் நேராகப் போய், காகிதத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் பின்னாலிருந்த மண்மேட்டுக்குள் புகுந்துகொண்டது. அதே வாரம் தமிழ்க்கடையில் முருங்கைக்காய் இறாத்தல் எட்டு டொலருக்கு ஏறியதால், தெருவில் இந்தச் செய்திக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது.

அவர் துவக்கு வாங்கப்போகிறார் என்ற கதை 2018 இலேயே எங்களுக்கு வந்துவிட்டது. இரண்டு வகுப்புகள், இரண்டு சோதனைகள், எட்டு மாதம் காத்திருப்பு. வீட்டுக்காரியிடமும் விசாரித்தார்கள். உவருக்குக் கோபம் வராது, வந்தால் சாப்பிடாமல் படுப்பார், அவ்வளவுதான் என்று பாலேஸ்வரி சொல்லியிருக்கிறா. அனுமதி கிடைத்த பிறகு மூன்று வருடம் அவர் துவக்குத் தெரிவு செய்தார். அவருக்கு வேண்டியது பழைய காலத்து வடிவம்: முழுக்க இரும்பு, பின்னால் நிமிர்ந்து நிற்கும் சுத்தி, ஒவ்வொரு வெடிக்கும் தானாகப் பின்னே போய் முன்னே வரும் மேல்மூடி. இப்போதைய பிளாஸ்டிக் சாமான்கள் பிள்ளைகள் தண்ணீர் பீச்சுகிற துவக்கு மாதிரி இருக்கிறதாம். ஆனால் அந்தப் பழைய வடிவத்தில் எது? பெரிய குண்டு என்றால் அசல், ஆனால் தோட்டா விலையும் உதைப்பும் கூட. சிறிய குண்டு என்றால் அறுபது வயதுக் கைமூட்டுக்கு நல்லது. துருப்பிடிக்காத எஃகா, கருநீலப் பூச்சா? விரல் கட்டை, விசை எட்டவில்லை. உள்ளங்கை பள்ளம், பிடிக்குப் பின்னாலிருக்கும் பாதுகாப்புத் தகடு அமுங்கவில்லை. மார்க்கம், ஸ்காபரோ, ஒஷாவா என்று கடை கடையாகப் போய், கூறைச்சேலை எடுக்க வந்த சம்பந்தி மாதிரித் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வந்தார். கடைசிக் கட்டத்தில் அவர் காரைக் கண்டதும் விற்பனையாளர்கள் கோப்பி குடிக்கப் போனார்கள்.

2022 வைகாசியில் ஒருவழியாக முடிவெடுத்தார்: சிறிய குண்டு, துருப்பிடிக்காத எஃகு, கட்டை விசை. அந்த வாரக் கடைசியில்தான் கைத்துவக்குகளை இனி விற்கவோ வாங்கவோ கைமாற்றவோ முடியாதபடி சட்டம் வரப்போகிறது என்று அரசாங்கம் அறிவித்தது. குலசிங்கம் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசை பிளாசா வாசலைத் தாண்டி நின்றது. உள்ளே மிச்சம் கிடந்தது ஒன்றே ஒன்று. பெரிய குண்டு, கருநீலப் பூச்சு, நீள விசை. மூன்று வருடமாக வேண்டாம் என்று தள்ளிய அத்தனையும் ஒரே உருவத்தில் கிடந்தது. வாங்கினார். ஐப்பசியில் சட்டம் வந்தது. இனி அதை மாற்ற முடியாது, விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. எங்கள் தெருவில் பலருக்குக் கலியாணம் இப்படித்தான் அமைந்தது என்பதால் யாரும் பெரிதாக அனுதாபப்படவில்லை.

பராமரிப்பில்தான் மனிசன் உடைந்துபோனார். முதல் நாள் கழற்றியபோது சுருளிவில்லின் மூடி பறந்து சாமிப்படத் தட்டில் பிள்ளையாரின் கண்ணாடியைக் கீறியது. திரும்பப் பூட்டும்போது பக்கவாட்டு ஆணி வழுக்கி, புதுத் துவக்கில் அரைவட்டமாக ஒரு கீறு. அந்தக் கீறுக்கு இங்கிலீசில் முட்டாள் கீறல் என்றே பெயர் இருப்பதைப் பிறகு இணையத்தில் பார்த்து அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். அவருக்கு உள்ளங்கை வியர்க்கும் வாகு. தொட்ட இடமெல்லாம் மறுநாள் காலை கபில நிறத் துருவில் கைரேகை பூத்திருக்கும். துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டினால், திறக்கும்போது புதிதாக ஒரு பெருவிரல். துவக்கு எண்ணெயின் மணம் பாலேஸ்வரிக்குத் தலையிடியைக் கொண்டுவந்தது. அந்த வீட்டில் ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெய் எப்போதும் இருக்கும். மனுசர் உச்சந்தலையில் வைக்கிற எண்ணெய் இரும்பை என்ன செய்யப்போகிறது என்று குலசிங்கம் யோசித்தார்.

ஆண்களுக்குச் சனிக்கிழமைதான் முழுக்கு. சுட்டுப் பழகுகிற றேஞ்சுக்குப் போவதும் சனிக்கிழமைதான். ஆகவே காலையில் தானும் தலைக்கு எண்ணெய் வைத்து, துவக்கையும் பாகம் பாகமாகக் கழற்றி எண்ணெய் வைத்து, ஊறவிட்டு, வெந்நீரில் கழுவித் துணியால் ஒற்றி எடுத்து வந்தார். சீயக்காயும் போட்டாரா என்பதில் தெருவில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. துரு நின்றது உண்மை. ஆனால் முழுகினால் என்ன வரும் என்று எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்போம். கை கால் சோரும், கண் சொருகும். மிளகு ரசத்தோடு சாப்பிட்டுவிட்டு வெயிலில் இறங்காமல் இருக்க வேண்டும். அவர் முழுகின துவக்கை வடக்கே ஒரு மணித்தியாலம் காரில் கொண்டுபோய் வெயிலில் வேலை வாங்கினார். விசையை இழுத்ததும் சத்தம் வழக்கம்போல் கேட்டது. வழக்கம்போல் கைமூட்டில் உதைத்தது. வெற்றுக்கோது சூடாகப் பாய்ந்து தோளில் பட்டது. குண்டு மட்டும் குழல் வாயில் எட்டிப் பார்த்து, ஆறுதலாகப் புறப்பட்டது.

குண்டு காற்றில் இருக்கும்வரை மஞ்சள் கயிறு கட்டிய கோட்டை ஒருவரும் தாண்டக்கூடாது என்பது றேஞ்சை நடத்துகிற கிளப்பின் முதல் விதி. செவ்வாய்வரை றேஞ்ச் மூடிக் கிடந்தது. குலசிங்கம் எண்ணெயை நிறுத்தினார், கரைப்பானில் கழுவினார், சுருளிவில் மாற்றினார், குழல் மாற்றினார், தோட்டா மாற்றினார். திருத்துபவரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்பது டொலருக்கு எழுதிக் கொடுத்தார். திரும்பப் போய்ச் சுட்டால் மறுபடியும் செவ்வாய். அந்தக் கோடையில் இப்படி மூன்று தடவை. கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. தற்காலிக உறுப்பினர் குலசிங்கம் புரட்டாதி முடிவதற்குள் தகுதிச் சோதனை செய்ய வேண்டும். பத்து வெடியில் எட்டு கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும், புள்ளி எண்ணும்வரை இடத்தை விட்டுப் போகக்கூடாது. தவறினால் வெளியே. கிளப் இல்லாவிட்டால் துவக்கு வைத்திருக்கக் காரணம் இல்லை, பொலிஸிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இந்த ஆயுளில் இன்னொன்று கிடையாது.

போனால் போகட்டும் என்று நாங்கள் சொன்னோம். அவர் கேட்கவில்லை. ஊரில் இருந்த காலத்தில் நாலுவிதச் சீருடைக்காரர்களும் சீருடை இல்லாதவர்களும் அவர் நெஞ்சுக்கு நேரே துவக்கு நீட்டியிருக்கிறார்கள். ஒருமுறை நாவற்குழியில், வாங்கிவந்த முட்டைப் பையையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்றாராம். நான் எப்பவும் முன்பக்கத்திலைதான் நிண்டனான், ஒருக்காப் பின்பக்கத்திலை நிண்டு பார்க்கவேணும் என்று ஒரு பிறந்தநாள் விழாவில் சொன்னார். அதற்குப் பிறகு எங்களுக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் சொன்னோம்.

சோதனைச் சனிக்கிழமை பத்து வெடியும் நாற்பது நிமிடத்தில் வைத்தார். விரலிடைக்கு ஒன்றாக வரிசை கட்டிப் பத்துக் குண்டுகள் புறப்பட்டன. தொழிற்சாலையில் லீவு எடுத்து, மடக்குக் கதிரையும் போர்வையும் நீரிழிவுக் குளிசையுமாக அவர் அங்கேயே இருந்தார். ஞாயிறு மதியம் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு போன பாலேஸ்வரி, இந்த மனுசனைக் கட்டிவைத்திருக்கிற சாமான் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும் என்றா. றேஞ்சைப் பார்த்துக்கொள்கிற வேய்ன் கையை விரித்து மறிக்க முதலே மஞ்சள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டா. வேய்ன் கத்தினார். குலசிங்கம் எழும்பினவர் எழும்பினபடி நின்றார். பாலேஸ்வரி ஏழு மீற்றரில் முதல் குண்டுக்கு முன்னால் போய் நின்று, ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தா. அது அவவின் ஸ்வெட்டர் பொத்தானுக்கு இரண்டு விரல் கிட்ட வந்ததும், பஸ்ஸில் இறங்குகிறவருக்கு வழிவிடுகிற மாதிரி ஒரு பக்கமாக நகர்ந்தா.

"இஞ்சாருங்கோ," என்றா. "உப்பிடி வெடி ஊரிலை அப்ப வந்திருந்தா எத்தினை சனம் விலத்திப் போயிருக்கும்."

குலசிங்கம் புட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு, "விலத்தி வாரும், புட்டு ஆறுது," என்றார்.

என்ன சொன்னா என்று வேய்ன் கேட்டார். குலசிங்கம் தன் இங்கிலீசில் சொல்லிக் காட்டினார். வேய்ன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விதிமீறல் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கினார். செவ்வாய் பின்னேரம் ஒன்பது குண்டுகள் கறுப்புக்குள் விழுந்தன, ஒன்று வெளியே. பாலேஸ்வரி கயிற்றைத் தாண்டியதற்காக குலசிங்கத்தை நீக்கலாமா என்று கமிட்டியின் ஐந்து பேரும் இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசியில் நீக்குவதைவிட விதியைத் திருத்துவது சுகம் என்று பட்டது. குலசிங்கத்துக்கு முழு உறுப்புரிமை கொடுத்து, அவர் சுடுகிற மூன்றாம் தடத்தை மற்றவற்றிலிருந்து மண்மேடு போட்டுப் பிரித்துவிட்டார்கள்.

இப்போதும் அவர் மாதம் ஒரு சுருளிவில் தருவிக்கிறார். ஒருமுறையாவது குண்டு ஒழுங்காகப் பறக்கவேண்டும் என்று பல்லைக் கடிக்கிறார். பறக்கவில்லை. சனிக்கிழமைகளில் சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். ஞாயிறும் திங்களும் மூன்றாம் தடத்தில் புல்லு வெட்டவோ காகிதம் மாற்றவோ போகிறவர்கள் குண்டைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறார்கள். வேய்ன் மட்டும், யார் குறுக்கே வந்தாலும் மன்னிப்புக் கேட்கிற இந்த நாட்டுப் பழக்கத்தில், குண்டு கடந்துபோகும்போது சொறி என்கிறார்.